பத்து நாள் நோட்டீஸ்

அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. வேலை பார்த்த ஊர்களில் எல்லாம் சுத்தியலம்மா என்றுதான் சொல்வார்கள். மற்றப் பெண்களின் கைப்பையில் இருப்பதெல்லாம் அவள் பையிலும் இருக்கும். கூடவே ஒரு சாண் நீளத்தில், பிடி தேய்ந்த சின்னச் சுத்தியல் ஒன்றும் இருக்கும். அவள் பாய்லர் இன்ஸ்பெக்டர். பாய்லரை அணைத்து, நீரை வடித்து, ஒரு நாள் முழுக்க ஆறவிட்ட பிறகு அவளைக் கூப்பிடுவார்கள். தீ எரிகிற அறைக்குள் தலையையும் தோளையும் நுழைத்து, தகட்டை அங்குலம் அங்குலமாகத் தட்டிக் கேட்பாள். நல்ல தகடு கணீரென்று பேசும். உள்ளுக்குள் அரித்துப்போன தகடு பொத்தென்று வாயை மூடிக்கொள்ளும். கேட்டு முடித்ததும் இருமலோடு வெளியே வந்து, கரி படிந்த முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஓட்டலாம் என்றோ மூடு என்றோ எழுதுவாள். அந்த எழுத்துக்கு மேல் தலைநகரத்து இலாகாவின் வட்ட முத்திரை விழுந்துவிட்டால், நாட்டின் எந்த மூலையிலும் அதை மறுத்துப் பேச ஆளில்லை.

இலாகாவில் இரண்டு கட்டுப்பாடுகள் இருந்தன. சொந்த ஊரில் வேலை கிடையாது. சோதனைக்குப் போன இடத்தில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. அதனால் பத்தொன்பது வருஷம் லாட்ஜ் அறைகளில் தூங்கி, தன் பிளாஸ்கிலிருந்து தானே ஊற்றிக் குடித்து, இருபத்தாறு ஊர்களை அவற்றின் புகைபோக்கிகளைக் கொண்டு அடையாளம் வைத்துக்கொண்டாள். நடுவில் கல்யாணம் என்று ஒன்று நடந்தது. அவர் நல்ல மனிதர். மாதத்தில் இருபது நாள் வீட்டில் இல்லாத மனைவியோடு ஆறு வருஷம் பொறுமையாக வாழ்ந்து பார்த்தார். பிறகு ஒரு வார்த்தை உரக்கப் பேசாமல் விலகிப் போனார். அவள் அழவில்லை. அவளுக்கு அழுகை அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது.

அது நின்றது வேலையில் சேர்ந்த ஆறாவது வருஷம். ஒரு சோப்புத் தொழிற்சாலையில் சோதனைக்குத் தேதி வைத்திருந்தாள். முதலாளி கெஞ்சினார். பெரிய ஆர்டர் ஒன்று பாதியில் நிற்கிறது, நாலே நாலு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள், பிறகு நானே அணைத்துவிட்டுக் காத்திருக்கிறேன் என்றார். பார்த்தால் பாவமாக இருந்தது. சரி என்று தேதியை மாற்றி எழுதினாள். மூன்றாம் நாள் பாய்லர் வெடித்தது. அடுப்பு வேலைக்காரர் ஒருவர், சோப்பு அடுக்கிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி. இரண்டு பேர். விசாரணையில் அவள்மேல் தப்பில்லை என்று எழுதினார்கள். தேதியை மாற்ற இன்ஸ்பெக்டருக்கு உரிமை உண்டு, சட்டத்தில் இடம் இருக்கிறது என்றார்கள். அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். அதற்குப் பிறகு அவளுக்குள் ஏதோ ஒன்று அணைந்து, ஆறி, அப்படியே கிடந்தது. சாப்பிட்டாள், தூங்கினாள், தட்டினாள், எழுதினாள். யாராவது கெஞ்சினால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கல்லுக்குக்கூட வெயிலில் சூடு ஏறும், இவளுக்கு ஏறாது என்று பின்னால் பேசுவார்கள். அது காதில் விழும். அதுவும் அவளைத் தொடாது.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் தலைநகரத்தில் சட்டம் மாறியது. எல்லாவற்றையும் தலைநகரமே கட்டிக்கொண்டு அழ வேண்டாம், தராசும் பாய்லரும் மின்தூக்கியும் தெருநாயும் அந்தந்த ஊரின் பொறுப்பு என்று பெரிய சபையில் கைதட்டலோடு நிறைவேற்றினார்கள். இலாகாவை இழுத்து மூடினார்கள். இன்ஸ்பெக்டர்களை என்ன செய்வது என்று ஒரு வாரம் யோசித்து, அவரவரை அவரவர் பிறந்த ஊர் நகராட்சிக்கே அனுப்பிவிடலாம் என்று முடிவுசெய்தார்கள். பத்தொன்பது வருஷம் கூடாது என்று சொன்ன இடத்துக்கே, ஒரே ஒரு சுற்றறிக்கையில், அவள் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாள்.

நகராட்சிக் கட்டடத்தின் பின்பக்கத்தில் அவளுக்கு இடம் கொடுத்தார்கள். தனி அறை இல்லை. நாய் லைசென்ஸ் குமாஸ்தாவின் அறையில் பாதி. நடுவில் ஒரு பச்சை அலமாரி. குமாஸ்தா ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்த மனிதர், வாய் சும்மா இருக்காது. முதல் நாளே அவளிடம், இந்தப் பக்கம் கடிக்கிறது, அந்தப் பக்கம் வெடிக்கிறது, நடுவில் அலமாரி இருப்பது நல்லதுதான் என்றார். அவள் சிரிக்கவில்லை. அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

முத்திரைதான் பிரச்சனையாக இருந்தது. புது அதிகாரத்துக்குப் புது முத்திரை வேண்டும். அதில் ஊரின் அடையாளமாகப் பாலத்தைப் போடுவதா, மணிக்கூண்டைப் போடுவதா என்று நகராட்சி உறுப்பினர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். பாலம் பக்கத்து ஊரோடு பங்கு என்றது ஒரு கட்சி. மணிக்கூண்டு ஓடவே ஓடாது என்றது இன்னொரு கட்சி. முதல் தேதி அதிகாரம் கைமாறிவிட்டது; முத்திரை மட்டும் வரவில்லை.

ஆனால் அவள் வந்த செய்தி வீடு வீடாகப் போய்விட்டது. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே யாராவது வாசலில் நிற்பார்கள். சலவை சோடா விற்கிறவர் சித்தப்பா முறை என்றார். பேக்கரிக்காரர் அவளோடு மூன்றாம் வகுப்பு படித்தாராம். எல்லோர் கையிலும் ஏதாவது ஒரு பை. அவள் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பாய்லர் நம்பரை மட்டும் கேட்டு எழுதிக்கொள்வாள்.

அவளுக்கு ஒரே ஒரு தம்பி. ஆறு வயது இளையவன். அம்மா வேலைக்குப் போன காலத்தில் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதியவள் அவள். அவன் இப்போது ஒரு சலவைக்கூடம் வைத்திருந்தான். பெரிய ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்களின் வெள்ளைக் கோட்டு எல்லாம் அங்கேதான் வெந்து, அலசி, தேய்த்துப் போகும். பதினாலு பேருக்கு வேலை. அக்கா வந்திருக்கிறாள் என்றதும் அவன் தலைகால் புரியாமல் இருந்தான். தானாகவே நெருப்பை அணைத்து, நீரை வடித்து, பாய்லரை ஒரு நாள் ஆறப்போட்டுவிட்டு வந்து கூப்பிட்டான்.

"ஊர்ல முதல் சர்ட்டிபிகேட் என்னோடதா இருக்கட்டும்க்கா. பிரேம் போட்டு மாட்டப் போறேன்."

நாலாம் தேதி காலையில் போனாள். சலவைக்கூடம் முழுக்க ஈரமும் சோப்பும் கலந்த வாசனை. வேலைக்காரர்கள் வரிசையாக நின்று வணக்கம் சொன்னார்கள். தம்பி பெண்டாட்டி இஸ்திரி மேஜைக்குப் பின்னாலிருந்து, சாப்பிட்டுட்டுத்தான் போகணும், இங்க பிளாஸ்க் வேலையெல்லாம் நடக்காது என்றாள். அவள் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். மேல் பக்கம் நன்றாக இருந்தது. பக்கவாட்டில் நன்றாக இருந்தது. அடியில், கசடு வடிகிற குழாய்க்குப் பக்கத்தில், சுத்தியல் பொத்தென்றது. ஒரு உள்ளங்கை அகலம். சுற்றித் தட்டிவிட்டு மறுபடி அங்கேயே தட்டினாள். மூன்றாம் முறையும் தட்டினாள். தகடு மூன்று முறையும் ஒரே பதிலைத்தான் சொன்னது.

வெளியே வந்து முகம் துடைத்துக்கொண்டு, மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். பழைய இலாகா முத்திரை இன்னும் பையில்தான் இருந்தது. திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தார்கள்; எங்கே அனுப்புவது என்று சொல்லவில்லை. புதியது வரவில்லை. எழுதி முடித்ததும் முத்திரை வைப்பது கைப்பழக்கம். கை பைக்குள் போயிற்று, எடுத்தது, குத்தியது. அடுப்புக் கதவின் கைப்பிடியில் கம்பி சுற்றி, யாரும் திறக்காதபடி ஈய வில்லை ஒன்றை அதில் நசுக்கிப் பூட்டினாள்.

தம்பி முதலில் சிரித்தான். அக்கா விளையாடுகிறாள் என்று நினைத்தான். காகிதத்தைப் படித்த பிறகும் சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருந்தது, எடுத்துவிட மறந்துபோன மாதிரி. பிறகு அவன் மெதுவாக, அடித்தகடு மாற்ற ஆள் தலைநகரத்திலிருந்துதான் வரணும், இரண்டு மாசம் ஆகும், ஆஸ்பத்திரி இரண்டு நாள்கூடப் பொறுக்காது என்று சொன்னான். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு நாள் தா என்று அவன் கேட்கவில்லை. அந்தக் கதை அவனுக்குத் தெரியும். கேட்காமல் இருந்ததுதான் அவன் அவளுக்குச் செய்த கடைசி மரியாதை. அன்று அவள் சாப்பிடாமல்தான் திரும்பினாள், யாரும் கூப்பிடவில்லை.

நகராட்சித் தலைவருக்கு ஒரு ஹோட்டல் இருந்தது. ஹோட்டலுக்கு ஒரு பாய்லர் இருந்தது. பட்டியலில் அடுத்தது அதுதான். கூடப்பிறந்தவனுக்கே இந்தக் கதி என்றால் தன் கதி என்ன என்று அவர் யோசித்திருக்க வேண்டும். தம்பியிடம் ஆறுதல் சொல்லப் போனவர், மூடல் உத்தரவின் நகலை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். மறுநாள் அவளைத் தன் அறைக்கு அழைத்து, நாற்காலியைத் தானே இழுத்துப்போட்டார். குரலில் சர்க்கரை.

செத்துப்போன இலாகாவின் முத்திரைக்கு உயிர் ஏதம்மா என்றார். முதல் தேதிக்குப் பிறகு தலைநகரத்துக்கு அதிகாரம் இல்லை. நகராட்சி முத்திரையோ இன்னும் பிறக்கவே இல்லை. ஆக நாலாம் தேதி உத்தரவு யாருடைய உத்தரவும் இல்லை; அது வெறும் காகிதம். அதற்காக உங்கள்மேல் நடவடிக்கை எல்லாம் எடுக்க மாட்டோம், நம்ம ஊர்ப் பெண், கைத்தவறு என்று பெருந்தன்மையாகச் சொன்னார். மணிக்கூண்டு கட்சி ஜெயித்துவிட்டது, திங்கட்கிழமை புது முத்திரை வந்துவிடும், அப்போது முறைப்படி மறுபடி சோதனை போடுங்கள் என்றார்.

அன்றைக்கே போடுகிறேன் என்றாள் அவள்.

"அது முடியாதும்மா. நம்ம விதியில பத்து நாள் நோட்டீஸ் கொடுக்கணும்னு வச்சிருக்கோம். திடுதிப்புனு போய் நிக்கிறது தலைநகரத்துப் பழக்கம். நம்ம ஆளுங்களை நாமே அப்படி நடத்தலாமா?"

திரும்பி வந்து தன் பாதி அறையில் உட்கார்ந்தாள். குமாஸ்தாவுக்கு விஷயம் அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. அவர் அலமாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் ஒரு நாய் கடித்தால் மறுநாளே பிடிக்கலாம் அம்மா, பத்து நாள் நோட்டீஸ் எல்லாம் கிடையாது என்று சொல்லிவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

பத்து நாள். சோப்புத் தொழிற்சாலைக்கு அவள் கொடுத்தது நாலு நாள்தான். அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நோட்டீஸை எழுதினாள். அதன்கீழே இன்னொரு காகிதத்தில் பத்து நாள் விடுப்பு எழுதினாள். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் தம்பி நெருப்புப் போட வந்தபோது, அடுப்புக் கதவுக்கு முன்னால் காலி சோப்பு டிரம் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். ஈய வில்லையைத் தம்பி முந்தின நாளே அறுத்துவிட்டிருந்தான். கம்பி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. வேலைக்காரர்கள் விரிப்பு மூட்டைகளை இறக்கிவிட்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார்கள்.

"எந்திரிக்கா. நெருப்புப் போடணும்."

"போடாத."

"எந்த அதிகாரத்துல சொல்ற? தலைவர்தான் அது வெறும் காகிதம்னு சொல்லிட்டாரே."

"அதிகாரம் ஒண்ணுமில்ல. லீவு எழுதிக் கொடுத்துட்டு வந்திருக்கேன்."

"அப்ப அக்காங்கிற உரிமையா?"

"அது இருக்கா இல்லையான்னு நீதான் சொல்லணும்."

அவன் கையில் இருந்த தீப்பெட்டியை மேஜைமேல் வைத்தான். வைத்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பிறகு வெளியே போய், தொட்டியில் பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டு, பேன்ட்டை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரி விரிப்புகளைக் கையால் துவைக்க ஆரம்பித்தான். ஒருவர் பின் ஒருவராகப் பதினாலு பேரும் தொட்டிக்குள் இறங்கினார்கள்.

பத்து நாளும் இப்படித்தான் நடந்தது. விடியும்போது வருவாள், டிரம்மில் உட்காருவாள், சாயங்காலம் கூடத்தைப் பூட்டும்போது போவாள். கறைகள் பச்சைத் தண்ணீரில் போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் ஆள் வந்து, பழுப்பேறிய விரிப்புகளைத் தூக்கிப் பிடித்துக் காட்டிவிட்டுத் திருப்பிப் போட்டுப் போனார். வேலைக்காரப் பெண்களின் விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மனம் இளகியிருக்க வேண்டும், இல்லை வைராக்கியமாவது ஏறியிருக்க வேண்டும். இரண்டும் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் போல உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் தம்பி பெண்டாட்டி டீ டம்ளரைத் தரையில் ணங்கென்று வைத்தாள்.

"காவலுக்கு நாய் வச்சா லைசென்ஸ் எடுக்கணுமாம். நாத்தனார் வச்சா வேண்டாம் போலிருக்கு."

தொட்டிப் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் டம்ளரை எடுத்துக் குடித்தாள். சோதனைக்குப் போன இடத்தில் அவள் குடித்த முதல் டீ அதுதான். ஆனால் அது சோதனை இல்லை, விடுப்பு.

பதினோராம் நாள் மணிக்கூண்டு முத்திரையோடும் சாட்சிக்குக் குமாஸ்தாவோடும் வந்தாள். உள்ளே நுழைந்து தட்டினாள். மேலே, பக்கத்தில், அடியில். உள்ளங்கை அகலம் இருந்த இடத்தில் இந்த முறை சுத்தியல் பட்டதும் தகடு ஒரு குழியாக உள்வாங்கியது. தம்பியைக் கூப்பிட்டு விளக்குப் பிடித்துக் காட்டினாள். அவன் குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

"இந்தத் தடவை ஓங்கி அடிச்சிருக்க," என்றான்.

அவள் முத்திரை குத்தினாள். புது மை, புது ரப்பர். மணிக்கூண்டின் முட்கள்கூடத் தெளிவாக விழுந்திருந்தன.

அந்த வாரமே ஆஸ்பத்திரி தன் துணியை எல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பக்கத்து ஊர்ச் சலவைக்கூடத்துக்கு மாற்றிவிட்டது. தம்பி கூடத்தைப் பூட்டினான். பதினாலு பேரில் ஆறு பேருக்கு அந்தப் பக்கத்துச் சலவைக்கூடத்திலேயே வேலை கிடைத்தது. தம்பிக்கும் கிடைத்தது. முதலாளியாக இருந்தவன் அங்கே பாய்லருக்கு நெருப்புப் போடுகிற ஆளாகச் சேர்ந்தான். பாலத்தின் நடுவில் ஒரு எல்லைக்கல் உண்டு. அதைத் தாண்டிவிட்டால் வேறு நகராட்சி. அந்த நகராட்சிக்கும் அதே முதல் தேதியில் அதே அதிகாரம் வந்திருந்தது. அவர்கள் அதை வேறு விதமாகப் பயன்படுத்தினார்கள். இன்ஸ்பெக்டர் வேண்டாம், அந்தந்த முதலாளியே தன் பாய்லர் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்று தீர்மானம் போட்டார்கள். அவர்கள் ஊரில் பிறந்த இன்ஸ்பெக்டர் யாரும் இல்லாததால், அவர்களிடம் வந்து சேர வேண்டியவரும் யாரும் இல்லை.

குமாஸ்தா சொல்லித்தான் அவளுக்கு இது தெரிந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் பாலம்வரை நடந்து போனாள். அந்தப் பக்கத்துப் புகைபோக்கியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. என் தம்பி போட்ட நெருப்பு என்று நினைத்தாள். நினைப்பு வந்தது, போயிற்று. திரும்பி வந்து, அந்தப் பக்கத்துச் சலவைக்கூடத்துப் பாய்லரையும் யாராவது சோதிக்க வேண்டும் என்று தலைநகரத்துக்குக் கடிதம் எழுதினாள். பாய்லர்கள் எந்த ஊரில் இருந்தாலும் தகடு ஒன்றுதான், ஆவி ஒன்றுதான் என்று அதில் ஒரு வரி எழுதி, அது உத்தியோகக் கடிதத்துக்குப் பொருந்தாது என்று அடித்துவிட்டாள். ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. முதல் தேதியிலிருந்து தங்களுக்கு இதில் அதிகாரம் இல்லை, கடிதம் தக்க நடவடிக்கைக்காக சம்பந்தப்பட்ட நகராட்சிக்கு அனுப்பப்பட்டது என்று இருந்தது. சம்பந்தப்பட்ட நகராட்சியில் அது சலவைக்கூட முதலாளியின் கைக்கே போனது. அவரும் அங்கே ஓர் உறுப்பினர். அவர் அதைத் தன் பாய்லர் ஆளிடம் கொடுத்து, உன் அக்காவுக்கு இங்கேயும் கண்ணா என்று கேட்டிருக்கிறார்.

மூன்று மாதமாகப் பேசாத தம்பி அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தான். வந்தவன் உட்காரவில்லை. சண்டைக்குத்தான் வந்திருக்கிறான் என்று அவள் நினைத்தாள். அவன் கை முட்டியில் புதிதாக ஒரு சிராய்ப்பு இருந்தது. அவள் அதைப் பார்ப்பதைப் பார்த்து அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நானே ஒரு சுத்தியல் வாங்கினேன்," என்றான். "ஞாயித்துக்கிழமை ஆறியிருக்கும்போது உள்ள போய்த் தட்டிப் பாத்தேன்."

அவள் நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலக்கா. எல்லா இடமும் ஒரே மாதிரிதான் கேக்குது."

"மணி மாதிரியா? கதவு மாதிரியா?"

அவன் யோசித்தான். தரையில் இருந்த ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தான். சின்ன வயதில் பெருக்கல் வாய்ப்பாட்டில் மாட்டிக்கொண்டால் இப்படித்தான் நிற்பான். கடைசியில் தெரியவில்லை என்று தலையை ஆட்டினான். பிறகு, சனி ஞாயிறு நெருப்புக் கிடையாது, நீரைத் தானே வடித்துவைப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் யாரும் இருக்க மாட்டார்கள், சாவி தன்னிடம்தான் இருக்கிறது என்றான். அந்த ஊரில் தனக்கு ஒரு பதவியும் இல்லை, தட்டிக் கேட்டாலும் மூட முடியாது என்றாள் அவள்.

"மூட வேண்டாம். கேட்டுச் சொல்லு. கெட்டுப் போயிருந்தா நான் வேலைய விட்டுடறேன்."

"மத்த ஆறு பேரு?"

"அவங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ என்கிட்டச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் இரண்டு பேரும் போனார்கள். அவன் முன் சீட்டில், அவள் இரண்டு வரிசை தள்ளி. பாலத்தைத் தாண்டும்போது எல்லைக்கல் ஜன்னலில் வந்து போனது. கூடத்தின் பின்கதவைத் திறந்தான். அதே ஈரமும் சோப்பும் கலந்த வாசனை. மூட்டைகளின்மேல் ஆஸ்பத்திரியின் பெயர். இந்தப் பாய்லர் தம்பியுடையதைவிடப் பெரியது, பழையது. அவள் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். வெளியே தம்பி நிற்கிற சத்தம் கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளின் சத்தம்.

ஒன்றரை மணி நேரம் தட்டினாள். வழக்கமாக அதற்கு நாற்பது நிமிஷம் போதும். அடிப்பக்கத்தை மூன்று சுற்று கேட்டாள். நான்காம் சுற்று தேவையில்லை, ஆனாலும் கேட்டாள். தகடு எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் பேசியது. கணீரென்று.

வெளியே வந்ததும், நன்றாக இருக்கிறது என்றாள். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரித்தானா அழுதானா என்று சொல்ல முடியாது. முகத்தைக் கைகளுக்குள் வைத்திருந்தான். அவளுக்கு அவன் தோளில் கை வைக்க வேண்டும் என்று தோன்றியது. கை முழுக்கக் கரி. முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் எழுதிக் கொடு என்றான்.

"என் கையெழுத்து இந்த ஊர்ல செல்லாது."

"எனக்குச் செல்லும். எழுது."

மூலையில் கிடந்த சோப்புப் பெட்டி அட்டை ஒன்றைக் கிழித்துக் கொடுத்தான். அவள் முழங்காலில் வைத்து எழுதினாள். தேதி, பாய்லர் நம்பர், அடித்தகடு, பக்கத்தகடு, ஓட்டலாம். அதற்குக் கீழே, பத்தொன்பது வருஷப் பழக்கத்தில், ஓராண்டுக்குச் செல்லுபடியாகும் என்று எழுதிவிட்டாள். எழுதிய பிறகு அந்த வரியைப் பார்த்தாள். அடுத்த வருஷம் இந்தக் கதவை யார் திறப்பார்கள், சாவி யாரிடம் இருக்கும், இந்த ஊர் என்ன தீர்மானம் போட்டிருக்கும். அந்த வரியை ஒரு கோடு போட்டு அடித்தாள். மேலே, இன்றைக்கு, என்று எழுதினாள்.

தம்பி அட்டையை வாங்கிப் படித்தான். அடித்த வரியையும் படித்திருப்பான். இரண்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கரித்துணியால் அடுப்புக் கதவைச் சுற்றித் துடைத்தான். நாளைக்கு விடிந்ததும் நெருப்புப் போட வேண்டும். அவள் வாசலில் போய் நின்று, பஸ் வருகிறதா என்று பார்த்தாள்.